வேட்டை இல்லாத மாதத்தில் ஒரு வான்கோழி

முதல் நாள் விடியப்புறம் அந்த ஓக் மரத்தடியில் இருந்தவர்கள் மூன்று பேர்: அத்தான், அவர் வேலை செய்யும் வீட்டுக்காரர் சிஞ்ஞோர் கார்மெலோ, நான். அக்கா வரவில்லை; அவளுக்குக் காலையில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளைக் கழுவ வேண்டும். அக்காவின் மகள் மிதுனா வரவில்லை, நித்திரை. யாரைப் பார்ப்பதற்காக மூவரும் குளிரில் குந்தியிருந்தோமோ, அந்த வான்கோழியும் வரவில்லை.

நான் இத்தாலியின் சிசிலித் தீவிலிருக்கும் பலேர்மோவுக்குப் போனது வான்கோழி பார்க்க அல்ல. மிதுனாவுக்குக் காது குத்த வேண்டும், அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்று அக்கா ஒரு வருடமாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கிளிநொச்சியில் புவியியல் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் எங்கே போனாலும் எதையாவது ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்ற பொறுப்பு கூடவே வரும். இந்த முறை அது ஒரு கமராவாக வந்தது. குளத்தடியில் பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் நீட்டு லென்ஸைக் கழற்றித் தந்து, நாலு ஐரோப்பாக் குருவியாவது கொண்டுவா என்று அனுப்பியிருந்தார்.

அக்கா வீடு பலேர்மோவின் சீசாப் பகுதியில், நாலாவது மாடி. நான் போய்ச் சேர்ந்த பின்னேரம் அவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு பல்கனி கைக்கெட்டும் தூரம். நடுவே கயிற்றில் யாருடையவோ படுக்கை விரிப்புகள், காற்று வரும்போது மூச்சு விடுவதுபோல் உப்பித் தணிந்தன. கீழே ஒருவன் ஸ்கூட்டரில் இருந்தபடியே மூன்றாம் மாடியில் இருந்த தாயோடு சண்டை பிடித்தான். மேலிருந்து ஒரு கூடை கயிற்றில் இறங்கியது. அவன் அதற்குள் பாண் ரொட்டியை வைத்துவிட்டு, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். எனக்குப் பிரயாணக் களைப்பு. அந்தக் கூடை ஏறுவதும் இறங்குவதும் நித்திரைக்குள்ளும் தொடர்ந்து நடந்தது.

வந்து இறங்கிய இரண்டாம் நாள் அத்தான் வேலை செய்யும் வீட்டுக்குத் தனியே வருவேன் என்று சொல்லிப் புறப்பட்டேன். ஒரேத்தோ பகுதி, ஒரே பஸ், பிழைவிட ஏலாது என்றார் அத்தான். நான் பஸ்ஸில் கண்ணயர்ந்து, எழும்பியபோது துறைமுகத்தில் இருந்தேன். ஊரில் பஸ் மாறி ஏறினால் கொண்டக்டர் திட்டி இறக்கிவிடுவார், பஸ்ஸே சிரிக்கும். இங்கே யாரும் என்னைத் திட்டவில்லை; அதுதான் பயமாக இருந்தது. நேப்பிள்ஸுக்குப் போகும் கப்பல் வாயைத் திறந்து லொறிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. வெயில் தண்ணீரில் பட்டு, கப்பலின் வெள்ளைப் பக்கமெல்லாம் மீன் செதில்போல் ஆடியது. எங்கே நிற்கிறேன் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

துறைமுக வாசலில் ஒரு பெண் கடலைமாவைக் காய்ச்சித் துண்டு போட்டுப் பொரித்து, பாணுக்குள் வைத்து விற்றாள். வடைக்கும் இதற்கும் ஒரு வெங்காயமும் ஒரு மிளகாயும்தான் வித்தியாசம். மொரீஷியசா என்று கேட்டாள். இல்லை, சிறிலங்கா என்றேன். அப்படியானால் உப்பு இன்னும் வேண்டும் என்று தானாகவே தூவினாள். எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குப் பாஷை போதவில்லை.

ஒரேத்தோவுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. சிஞ்ஞோர் கார்மெலோ கதவைத் திறந்தார். எழுபதைத் தாண்டிய மனுசர், ஒல்லி, வீட்டுக்குள்ளும் தொப்பி. என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய லென்ஸைப் பார்த்தார். பிறகு அத்தானிடம் நீளமாகக் கதைத்தார்.

அத்தான் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. ஜனவரி முடிய இங்கே வேட்டைக்காலம் மூடிவிடும். துப்பாக்கி பெட்டிக்குள் போகும். கண் துருப்பிடிக்கக் கூடாது என்று சிஞ்ஞோரின் வேட்டைச் சங்கத்தார் அதன்பிறகு கமராவோடு காட்டுக்குப் போவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இன்னதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமைச் சாப்பாட்டுக்குமுன் படத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்கு எல்லாருடைய சாப்பாடும் அவர் கணக்கு. அதற்குப் பெயரே பொய்க்காரன் சாப்பாடு.

சிஞ்ஞோர் கண்டது ஒரு காட்டு வான்கோழி. சிசிலியில் காட்டு வான்கோழி கிடையாது. அதனால் சங்கத்தின் மற்றப் பதினொரு பேரும் சிரித்திருக்கிறார்கள். அது பற்றையாக இருக்கும், கார்மெலோவின் கண் போய்விட்டது, அடுத்ததாக ஒட்டகச்சிவிங்கியைக் காண்பார் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கை நடுக்கம். எடுத்த படங்களில் எல்லாம் மரம்தான் இருந்தது.

"படம் சங்கத்துக்காம், பறவை சட்டிக்காம்," என்று அத்தான் மொழிபெயர்த்தார். காரின் பின்பெட்டியில் வலை தயாராக இருக்கிறதாம். வலை துப்பாக்கி இல்லையே என்று சிஞ்ஞோர் கண்ணடித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அவர் சுபாவம் அப்படி என்று நினைத்தேன்.

படம் எடுப்பதால் எந்த உயிருக்கும் கெடுதி வராது என்று உறுதியாக நம்பியிருந்தவன் நான். ஓம் என்றேன்.

அப்படித்தான் அந்த முதல் விடியப்புறம். மலைச்சாலையில் கார் ஏற ஏற நகரத்து வெளிச்சங்கள் கீழே தட்டில் கொட்டிய அரிசிபோலக் கிடந்தன. காட்டுக்குள் ஈர இலையும் பெருஞ்சீரகமும் மணத்தன. சிஞ்ஞோர் ஒரு சின்ன மரப்பெட்டியை விரலால் உரசினார். பெட்டைக் கோழி முனகுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. கொஞ்ச நேரம் போக, தொலைவில் ஏதோ குளுகுளுவென்று குமிழி உடைத்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. மலையே தொண்டை கொப்பளித்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான். வெயில் ஏறியதும் திரும்பினோம். வழியில் செம்மறிகள் சாலையை அடைத்துக்கொண்டன. மேய்ப்பன் அவசரப்படவில்லை, சிஞ்ஞோரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஏ-ஒன்பது வீதியில் மாடு படுத்தாலும் இதே மரியாதை உண்டு. அந்த ஒரு விஷயத்தில் ஊரில் நிற்பதுபோலவே இருந்தது.

அன்று பின்னேரம் மத்தி மீன் குழம்பு. சாப்பிட்டபடியே கதையை அக்காவுக்குச் சொன்னேன். அவளுடைய அகப்பை நின்றது.

"வாலில ஒரு இறகு முறிஞ்சதோ?"

"நான் இன்னும் காணேல்லை, அக்கா. சிஞ்ஞோர் அப்பிடித்தான் சொல்லுறார்."

அக்கா அடுப்பை அணைத்தாள். "இஞ்சரப்பா, சிஞ்ஞோர் அதைப் பிடிக்கத் திரியுறார் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

அத்தான் தட்டிலிருந்த மீன் முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மிதுனாவுக்கு ஒரு வயது முடியமுன்பு காய்ச்சல் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி அக்கா முருகனுக்கு ஒரு சேவல் நேர்ந்தாள். பிள்ளை பிழைத்தது. இங்கத்தைய கோயில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற பழைய கடை அறை. ஐயர் உயிர்ச்சேவல் வேண்டாம், விடியக் கூவினால் மேல்மாடிக்காரர் பொலிசைக் கூப்பிடுவார்கள், வெள்ளியில் ஒன்று செய்து வையுங்கள் என்றார். அக்கா நேர்ந்தது உயிரை, வெள்ளியை அல்ல. அத்தானைச் சேவல் தேட அனுப்பினாள். அது போன கிறிஸ்மஸ், நத்தார்க் காலம். அவருக்குத் தெரிந்த கமக்காரனிடம் மிஞ்சி நின்றது ஓர் இளம் வான்கோழி.

"சேவலுக்குப் போன மனுசன் இதைக் கொண்டு வந்து நிக்கிறார், தம்பி. அதுவும் சிஞ்ஞோர்ட காரில."

"ஆண்தானே," என்றார் அத்தான். "சிவப்பும் இருக்கு, சத்தமும் இருக்கு. கொஞ்சம் பெரிசு. பெரிசாக் குடுத்தா முருகன் கோவிக்கப் போறாரே?"

முருகன் மலையில் இருப்பவர், ஆகவே மலையில் விடுவோம் என்றும் அத்தானே தீர்மானித்திருக்கிறார். அப்படி அந்த ஓக் காட்டுக்குள் கொண்டுபோய் விடப்பட்டதுதான் சிஞ்ஞோர் கண்ட காட்டு வான்கோழி.

"நேந்து விட்டதை ஆரும் திண்டா, அது பிள்ளைக்குத்தான் வந்து நிக்கும்," என்றாள் அக்கா.

அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மிதுனா அவள் மடியில் சரிந்து, கையிலிருந்த பாண் துண்டை விடாமல் நித்திரையாகியிருந்தாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ படிச்சனி. படம் வராமல் எடுக்கத் தெரியாதோ உனக்கு?"

படம் இல்லையென்றால் சிஞ்ஞோர் தன் கண்ணையே நம்பாமல் விட்டுவிடுவார், வலைக்கும் வேலை இருக்காது. அதுதான் அவள் கணக்கு. கமராவின் ஷட்டரைக் கொஞ்சம் ஆறுதலாக மூட விட்டால் போதும், பறவை புகையாகக் கரைந்துவிடும் என்று சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

நடுவே இருந்த நாட்களில் நான் பலேர்மோவை நடந்து பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் பாதியைப் பார்க்கவில்லை. சந்தையில் கூறுகட்டியிருந்த கத்தரிக்காய்கள் ஊதாப் பறவைகள்போல் உட்கார்ந்திருந்தன. ஒரு தேவாலய வாசலில் பெண்கள் மெழுகில் செய்த சின்னக் கைகளையும் கால்களையும் வாங்கினார்கள். நோய் தீர்ந்தவர்கள் நேர்ந்து வைப்பது. எங்கள் கோயில்களில் வெள்ளியில் இருப்பது இங்கே மெழுகில். அந்த மெழுகுக் கைகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன்.

மறுபடியும் மலைக்குப் போன விடியலில் மூடுபனிப் புகார் இறங்கியிருந்தது. கார் கதவைத் திறந்ததும் அது உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போய், நாங்கள் வந்த பாதையும் இல்லாமல் போனது. சிஞ்ஞோர் மடக்குக் கதிரையில் இருந்தபடி பெட்டியை உரசினார். உரசினார். நேரம் என்பது எங்கேயோ கீழே நகரத்தில் நின்றுவிட்டது.

பிறகு புகாருக்குள் ஓரிடம் மட்டும் கறுத்தது. கறுப்பு மெல்ல அகன்றது, விசிறிபோல் விரிந்தது. வெண்கல நிறம் ஒன்று அதற்குள் ஓடி மறைந்தது. கழுத்து சிவந்து, நீலமாகி, மறுபடி சிவந்தது. காலடிச் சத்தமே இல்லாமல், தண்ணீரில் விட்ட காகிதக் கப்பல் திரும்புவதுபோல் அது தன்னைத்தானே சுற்றியது. என் வாழ்நாளில் நான் பார்த்த எந்தப் பறவையும் இவ்வளவு சாவகாசமாக இருந்ததில்லை.

சத்தியம் நினைவுக்கு வந்தது. கமராவின் சக்கரத்தைத் திருப்பி, ஷட்டரை மெல்ல மூட விட்டு, எடுத்தேன். பறவை புகாருக்குள் போய்விட்டது.

சிஞ்ஞோர் திரையைக் கேட்டு வாங்கினார். சாம்பல் நிறத்தில் ஒரு கசிவு. பற்றை என்றும் சொல்லலாம். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அத்தான் உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்டபிறகுதான் சொன்னார்.

"அவங்கள் சொன்னது சரிதானாம். தான் இல்லாததைக் காணுறாராம். மகள் மிலானோவுக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறா. போறனெண்டு சொல்லப்போறாராம்."

சிஞ்ஞோர் மிலானோ போனால் அத்தானுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ புதுப்பிப்பது கஷ்டம். அந்தக் கடதாசி இல்லாமல் இந்த நாட்டில் இருக்க ஏலாது. அடுத்ததாகச் செய்ததை அதற்காகச் செய்தாரா, தன் கண்ணைத் தானே நம்பாமல் போன அந்த மனுசரின் முகத்துக்காகச் செய்தாரா என்று அத்தானிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. அவர் எழும்பி நாலடி முன்னே போனார். ஜக்கெற் பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து அவிழ்த்தார்.

"பா... பா... பா..."

எங்கள் வளவுகளில் கோழியைச் சோற்றுக்குக் கூப்பிடும் அதே கூப்பிடு. புகாருக்குள் கிளைகள் முறிந்தன. வான்கோழி ஓடி வந்தது. இவ்வளவு நேரமும் அரசன்போல் நின்றது, இப்போது சீலையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் பெண்ணைப்போல் ஓடி வந்து, அத்தானின் உள்ளங்கையில் மூக்கை வைத்துச் சோறு கொத்தியது. வாலில் ஓர் இறகு முறிந்திருந்தது.

என் விரல் சக்கரத்தைப் பழையபடி திருப்பி, என்னைக் கேட்காமல் அழுத்தியது. எல்லாம் துல்லியம். இறகின் ஒவ்வொரு இழையும், மூக்கில் ஒட்டியிருந்த பருக்கையும்.

சிஞ்ஞோர் பறவையைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார்.

"ரீசோ?" என்றார். சோறா என்று.

"ஓம், சிஞ்ஞோர்," என்றார் அத்தான், தமிழிலேயே. அதற்குப் பிறகுதான் இத்தாலியனுக்கு மாறினார்.

வீட்டுவேலை செய்பவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரம் லீவு. அந்த லீவுகளில் பஸ் ஏறி, மிச்சத்தை நடந்து, அவர் இந்தக் காட்டுக்கு வந்துபோயிருக்கிறார். அக்காவுக்கும் தெரியாது. குளிர்காலத்தில் அது என்னத்தைத் தின்னும் என்று யோசித்தாராம். அவர் சிஞ்ஞோருக்குச் சொன்னதில் எனக்குப் பிடிபட்டவை சில சொற்கள்தான்: பம்பீனா, ஒஸ்பெதாலே. பிள்ளை, ஆஸ்பத்திரி. பிறகு வோத்தோ என்றார். நேர்த்தி. அந்தச் சொல்லுக்கு சிஞ்ஞோர் தலையை நிமிர்த்தினார். அவருடைய தாய், இவர் பிறந்ததற்காக, நகரத்துப் புனிதையின் மலைக்கு வருடா வருடம் வெறுங்காலோடு ஏறியவராம். அதைச் சொல்லிவிட்டு வேறொன்று கேட்டார்: இதை எப்படி இங்கே கொண்டுவந்தாய்?

"உங்கட காரில," என்றார் அத்தான்.

சிஞ்ஞோர் கார் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். பின்சீற்றில் கிடந்த இறகுகளை, தானே எதையோ சுட்டுக்கொண்டுவந்து மறந்துவிட்டேன் என்று எண்ணி, ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் மூளையைச் சந்தேகித்துக்கொண்டிருந்திருக்கிறார். மருத்துவரிடம்கூடப் போயிருக்கிறார். சிரிப்பு நிற்க நெடுநேரம் ஆனது. வான்கோழியும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பதில் சொன்னது.

படத்தில் அத்தானின் கையை வெட்டிவிட்டு, பறவையை மட்டும் வைத்துத் தரலாம் என்றேன். உண்மையில் உதவ நினைத்துத்தான் சொன்னேன். சிஞ்ஞோர் இல்லை என்று விரலை ஆட்டினார். இந்தப் படம் திங்களன்று மேசைக்கு வந்தால், செவ்வாயன்று பதினொரு வலை இந்த மலைக்கு வரும். அவருடைய சங்கத்தை அவருக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை நகரத்துக்கு வெளியே ஒரு முற்றத்தில் விருந்து. எலுமிச்சை மரங்களுக்குக் கீழே நீட்டு மேசை. மத்தியும் பெருஞ்சீரகமும் போட்ட பாஸ்தா, தணலில் சுட்ட ஆர்ட்டிசோக்கு; அதன் கருகிய இதழ்களை ஒவ்வொன்றாக உருவித் தின்ன வேண்டும், பனங்கொட்டை சூப்புவதுபோல் பொறுமை வேண்டும். சிஞ்ஞோர் அத்தானையும் என்னையும் கூட்டிப்போய் மேசையின் கடைசியில் இருத்தினார். ஒருவர் கொண்டலாத்தியின் படம் கொண்டுவந்தார், இன்னொருவர் குட்டிகளோடு காட்டுப்பன்றி. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் சிஞ்ஞோரைப் பார்த்தார்கள்.

அவர் எழும்பினார். படம் இல்லை, நிழலாக இருந்திருக்கலாம் என்றார். அத்தான் என் காதுக்குள் மொழிபெயர்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

மேசை அதிர்ந்தது. ஒருவன் கையைப் பின்னால் விரித்து வான்கோழியாக நடந்தான். இன்னொருவன் குளுகுளு என்று கத்த, தூரத்தில் யார் வீட்டு நாயோ குரைத்தது. சிஞ்ஞோரும் சிரித்தார், அவர்களுடைய கிளாஸ்களை நிரப்பினார். என் காலடியில், பைக்குள், எல்லாம் துல்லியமாக இருந்தது. மரத்திலிருந்து பூக்கள் பாஸ்தாவுக்குள் உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்துப் போடவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் மிலானோவுக்குப் போகவில்லை. படத்தின் ஒரு பிரதி மட்டும் கேட்டார். துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கிறார் என்று அத்தான் சொன்னார். வேட்டைக்காலம் திறந்தால்தான் அதுவும் திறக்கும்.

அன்று பின்னேரமே அக்கா, பொய்க்காரன் சாப்பாட்டுக்கு அவர் கட்டிய காசை ஓர் உறையில் போட்டுத் தந்து, எங்களை ஒரேத்தோவுக்குத் திருப்பி அனுப்பினாள். நேர்த்திக்கு ஆகிற செலவு நேர்ந்தவர் கையால்தான் போக வேண்டும், பிறத்தியார் கொடுத்தால் பலனும் அவர்களுக்கே போய்விடும் என்றாள். சிஞ்ஞோர் மறுப்பார் என்று வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு போனேன். அத்தான் வோத்தோ என்று ஒரு சொல் சொன்னார். சிஞ்ஞோர் தலையாட்டிவிட்டு உறையை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

அது காதுகுத்துக்கு மண்டபம் எடுக்க வைத்திருந்த காசு. மிதுனாவுக்கு சீசா வீட்டிலேயே, யன்னலோரம், என் மடியில் வைத்துக் காது குத்தினோம். என் பெருவிரலைக் கடித்துவிட்டாள். உறைக்குள் இருந்தது பன்னிரண்டு வேட்டைக்காரரும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்ட கணக்கு, ஆளுக்கு முப்பது, வைன் உட்பட: நானூற்று இருபது யூரோ.